இடப்பக்கக் கதவு

ஹார்லெக்கில் மழை நின்றபாடில்லை.
கராஜ் இடுக்கு வழியே கடற்காற்று உப்போடு நுழைகிறது,
இரும்பு எங்கே என்று கேட்டபடி.

எழுபத்துமூன்றாம் வருட ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்.
பச்சை என்கிறது பதிவுப் புத்தகம்.
எலினெட் ஒன்றும் சொல்லாமல்
திருப்புளியால் வாசற்படிக்குக் கீழே ஒரு குத்து.
பிடிவரை உள்ளே போனது.
தகரம் அப்பளமாய் உதிர்ந்தது அவள் பூட்ஸின் மேல்.

படகுப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம்
வெல்டிங் செய்தவள் அவள்.
நான் நகராட்சியில் வரிக்கணக்கு.
ஆகவே விளக்குப் பிடிப்பேன்,
கையேட்டை உரக்கப் படிப்பேன்,
பத்து மி.மீ. ஸ்பேனரைத் தொலைப்பேன்.

எல்லாம் ஆலையில் செய்தபடியே இருக்கட்டும் என்றேன்,
ஒவ்வொரு திருகும்.
"ஆலையில் செய்ததைத்தானே
இத்தனை வருடம் தள்ளிக்கொண்டு வந்தோம்" என்றாள்.
தள்ளியது நான்.
ஸ்டியரிங் அவளிடம் இருந்தது.

பாயிண்ட்டுகள் போய் எலெக்ட்ரானிக் பற்றவைப்பு வந்தது.
அலுமினிய ரேடியேட்டர், மின்விசிறி.
ரெக்ஸம்காரர் ஒருவரிடம் ஓவர்டிரைவ் கியர்பெட்டி;
பணத்தை அவர் மனைவி இருமுறை எண்ணினாள்,
பிறகு நாய்க்குட்டி ஒன்றும் வேண்டுமா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றோம். திரும்பும் வழியெல்லாம்
அதைப் பற்றியே பேசினோம்.

கடைசியில் கதவு.

எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவன்
குறுக்குக் கம்பி கொடுக்காமலே
வாசற்படியை அறுத்து ஒட்டியிருக்கிறான்.
வண்டி நடுவில் ஒரு விரற்கடை தொய்ந்துபோனது.
அன்றிலிருந்து வலப்பக்க வளைவு எதுவானாலும்
இடப்பக்கக் கதவு தானே திறந்துகொள்ளும்.
இடப்பக்கம் இருப்பவன் நான்.

பதினோரு வருடம் அதுதான் என் உத்தியோகம்.
வளைவுக்கு முன் "இப்போ" என்பாள்.
நான் கைப்பிடியை இழுத்துப் பிடிப்பேன்.
பக்கத்தில் சிலேட் பாறை, ஆட்டு வேலி, பள்ளம்,
விரலிடுக்கில் குளிர்.

ஒருமுறை மூன்று வாரம் பேசாமல் இருந்தோம்.
காரணம் அவளுக்கு நினைவிருக்கும், எனக்கு வேண்டாம்.
அந்த மூன்று வாரமும் கடைக்குப் போனோம், வந்தோம்.
அவள் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.
"இப்போ."
ஒவ்வொரு வளைவிலும், சரியான நேரத்தில்.

பிப்ரவரியில் கதவு வாயின் குறுக்கே
இரண்டு கம்பிகளை வைத்து இறுக்கினாள்.
அறுத்தாள்.
உள்ளே மூன்று அடுக்குப் புட்டி,
கசங்கிய பந்தயச் செய்தித்தாள்,
யாரோ ஊதி அணைத்த சிகரெட்.
"வெட்கமே இல்லாதவன்" என்றாள் முகமூடிக்குள்ளிருந்து.
நீலப் பொறி. நான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு
விளக்கைப் பிடித்தேன்.
அவளுக்கு அப்போது விளக்கே தேவையில்லை,
அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

புதிய கதவிடைவெளியில்
பென்னி நாணயம் மூன்று நுழைந்தது,
மேலே, கீழே, எங்கு வைத்தாலும்.
நான்காவது நுழையவில்லை.
நாலு தடவை சோதித்தேன். மூடும்போது
கெட்டியான அகராதியை மூடும் சத்தம்.

ஏப்ரல். சாவியைத் தொட்டதும் கிளம்பியது எஞ்சின்.
நம்பாமல் அணைத்து மறுபடி போட்டாள்.
மறுபடியும் கிளம்பியது.

ஃபெஸ்டினியோக் போகும் மலைப்பாதை.
முதல் வலப்பக்க வளைவு.
கதவு அசையவில்லை.
என் கை மட்டும் போய்க் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டது.
"விடு, கழன்றுவிடும். நாற்பது பவுண்டு" என்றாள்.
எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.
கையுறைப் பெட்டியைத் திறந்து மூடினேன்.

இரண்டாவது வளைவு. ஆடுகள்.
மூன்றாவதற்கு முன்
"இப்போ" என்றாள்.

இழுத்துப் பிடித்தேன்,
ஏற்கெனவே மூடியிருந்த கதவை.

"பழக்கம்" என்றாள், சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல்,
கியரைக் குறைத்தபடி.

அடுத்து வந்தது இடப்பக்க வளைவு.
அதில் எனக்கு எப்போதுமே வேலை கிடையாது.