பத்தொன்பதிலிருந்து

நாள் முழுக்க
நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
இருபது டன் பெட்டிகளைத் தூக்குகிறேன்,
இரண்டு விரலால்.
கிதினியா துறைமுகத்தில்
என்னைவிடப் பலசாலி கிடையாது.
வீட்டுக்கு வந்தால்
ஊறவைத்த வெள்ளரிக்காய் ஜாடியின்
மூடி திறக்கவில்லை.

அன்றைக்குத்தான் முதல் வீடியோ.
சோபாவை ஜன்னலோரம் தள்ளினேன்,
கம்பளத்தைச் சுருட்டினேன்.
பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி
ஒருத்தி குந்தி எழுந்தாள், குந்தி எழுந்தாள்,
பொட்டு வேர்வை இல்லை.
மூன்று வாரம் அவளோடு இருந்தேன்.
நான்காம் வாரம் என் தொடைகளுக்கு
அவள் பேச்சு முழுக்க மனப்பாடம்.
"இன்னும் இரண்டு" என்று அவள் சொல்லும் முன்னே
முடித்துவிட்டு
இரவுக்கு என்ன சமைப்பது என்று யோசித்தன,
வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையின்
கண்போல எங்கோ.

அடுத்தது, குதிக்கிற வீடியோ.
கீழ்வீட்டு ஸ்லாவோமிர் ரொட்டி சுடுகிறவர்.
ஊர் விளக்குப் போடும்போது அவருக்கு நடுநிசி.
பதினெட்டாவது குதியில்
துடைப்பக் கட்டையால் மூன்று தட்டு,
என் பாதத்துக்கு நேர் கீழே, குறி தப்பாமல்.
நானும் பதிலுக்கு ஒன்று குதித்தேன்.
சும்மா சொல்லக்கூடாது, நல்ல குதி அது.
மறுநாள் மாடிப்படியில் பார்த்தேன்:
கண்ணுக்குக் கீழே சாம்பல் பூத்திருந்தது.
அவர் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

சத்தமில்லாமல் என்னை முறிக்கிற ஒன்று வேண்டும்.
படுக்கையில், கைபேசி வெளிச்சத்தில்,
சந்தையில் மீன் பார்க்கிறவள்போல
ஒவ்வொன்றாய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.
பத்தே நிமிடத்தில் தட்டை வயிறாம். போ.
கடற்கரையில் நின்று செய்கிறவனே, போ,
எங்கள் மணல் பிப்ரவரியில் கல்.
சிரிக்கிறவர்கள் எல்லோரும் போங்கள்.

ஓஸ்த்ராவாவிலிருந்து ஒருத்தி, ஸ்தென்கா.
பின்னால் அடுப்பில் ஏதோ கொதிக்கிறது.
எடைக்கு, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு.
குதிப்பதே இல்லை.
எட்டு எண்ணி இறங்கு என்கிறாள்.
எட்டு எண்ணி
இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா,
ஒற்றைக் காலில்?
நான்கில் முழங்கால் நடுங்கும்.
ஆறில் கெட்ட வார்த்தை வரும்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
ஒரு கப்பலைக் கட்டி நிறுத்திவிடலாம்.

பதினான்காம் நிமிடம்,
இருபதாவது தண்டால்.
அவள் கை மடிந்து நெஞ்சு தரையில் விழுகிறது.
தொப்.
அந்த இடத்தை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை.
கன்னத்தைத் தரையில் வைத்தபடி
செக் மொழியில் திட்டுகிறாள். எனக்குப் பாதி புரியும்.
பிறகு எழுந்து சொல்கிறாள்:
"பத்தொன்பதிலிருந்து."

அந்தத் தொப்புக்காகவே அவளை எடுத்தேன்.
முதல் மாதம் நான் ஏழிலேயே விழுந்து
அவள் வரட்டும் என்று காத்திருப்பேன்.
வந்து சேர்வாள்.
இருவரும் கொஞ்ச நேரம் கிடப்போம்.
தரையில் வைத்த காதுக்கு
ஸ்லாவோமிரின் குறட்டை கேட்கும்,
துளி சந்தேகமில்லாத குறட்டை.

உடம்பு கள்ளம் படித்துவிடக் கூடாதென்று
நடுநடுவே ஆளை மாற்றினேன்.
தாலினிலிருந்து ஒரு மல்யுத்தக்காரன்
முதுகைக் கயிறாய் முறுக்கிவிட்டான்.
ஒரு முதிய நடனக்காரி
கைகளை வெறுமனே பக்கவாட்டில் நீட்டி நிற்கச் சொன்னாள்,
ஐந்து நிமிடம்.
கண்ணீர் வந்துவிட்டது.
ஆனாலும் திங்களும் வியாழனும் ஸ்தென்காவுக்கு.

பனி உருகிய ஒரு வியாழன்
அவள் விழுந்தாள்.
நான் விழவில்லை.

கை நடுங்க, ஊன்றியபடி,
திரையில் அவள் முதுகைப் பார்த்தேன்.
மேலே ஏறி வந்த பிறகு
ஏணியை யாரோ எடுத்துவிட்டதுபோல இருந்தது.
(ஜாடி மூடி எப்போதோ திறந்துவிட்டது.
காய் கொஞ்சம் புளிப்பு அதிகம்.)

ராத்திரி மறுபடி கைபேசி, மறுபடி செவுள்கள்.
எட்டிலோ ஐந்திலோ
என்னைத் தரையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற
முகம் ஒன்று வேண்டும்.
சத்தமில்லாமல்.