காடு, இரண்டாம் முயற்சி

ஈஜோக் கடைவீதி, கைப்பேசிக் கடை மாடி.
லோகேந்திரனின் பழைய மடிக்கணினி
விசிறி இரைய, ஒரு ராஜ்யத்தைத் திறக்கிறது.

கடற்கரை சுலபம்:
இரைச்சல் ஃபில்டரை ஓட்டி
வெள்ளையை வெட்டினால்
தீவு தானாய்ப் பிய்ந்து வரும்.
மலைக்கு நிழல் இடப்பக்கம். சரி.
ஐந்தாம் லேயரை மறைத்தால் கடல் மட்டும்.
அதில் கொஞ்ச நேரம் இருக்கிறான்.

காடுதான் படுத்துகிறது.
மரத் தூரிகையை எப்படி உதறினாலும்
முக்கோணம் முக்கோணமாய்
செம்பனை நிரை.
நடுவே லாரிக்கு வழி வேறு.

"குலை வெட்டவா வருது உன் டிராகன்?"
என்கிறாள் தங்கை பூவரசி.

அழிக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு
சொடுக்குகிறான், பத்து, இருபது.
திறந்தால்
காடு மாதிரி ஒன்று.
யாரும் நடாதது.

பெயர் வைக்க வேண்டும்.
'பிளாக் பதினொ' வரை தட்டிவிட்டு
நிறுத்துகிறான்.