நூறு கோடி மணி

மூன்று மீட்டர் கேபிள்.
இருபத்து மூன்று வருடம் அட்லாண்டிக்கின் அடியில் கிடந்து
நேற்று ஓர்ட்டா துறைமுகத்தில் இறங்கியது,
தார் வாடையும்
ஒட்டிச் செத்த ஒற்றைச் சிப்பியுமாக.

லியோனில்டே கத்தியை எடுக்கிறாள்.
நைலான் நூல், எஃகுக் கம்பி, செம்புக் குழல்,
பசைக்குள் முங்கிய எட்டு இழைகள்.
தலைமுடியளவே கண்ணாடி.

லிஸ்பனிலிருந்து கடிதம்:
இருபத்தைந்து வருட ஆயுளென்று வாங்கினோம்.
இன்னும் பத்து தாங்குமா?
விளக்கம் வேண்டாம், ஓர் எண் போதும்.

எண்ணுக்கா பஞ்சம்?
பெருக்கிக்குள் எரியும் லேசருக்கு ஒரு கணக்கு உண்டு:
நூறு கோடி மணி நேரத்தில் இத்தனை பழுது.
நூறு கோடி மணி என்றால்
ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் வருடம்.
அத்தனை நாள் எவரும் விழித்திருந்து பார்க்கவில்லை.
பத்தாயிரம் லேசரை வரிசையாக எரியவிட்டு
தலைக்குப் பதினொன்றரை வருடம் வசூலிக்கலாம்.
அதற்கும் பொறுமை இல்லாதவர்கள்
உலையில் வைத்தார்கள்.
எண்பத்தைந்து டிகிரியில்
காலம் ஓடத்தான் செய்கிறது.
இருட்டும், மேலே நாலு கிலோமீட்டர் நீரின் கனமும்
உலைக்குள் கிடையாது.

ஹைட்ரஜன் கசிந்து கண்ணாடி மங்கியிருக்கிறதா?
அளக்கிறாள். இல்லை.
மறுபடி அளக்கிறாள். இல்லை.
"ஆயுசு கெட்டி" என்கிறான்
கப்பலிலிருந்து வந்த குவால்டெர்,
ரொட்டியைக் கடித்தபடி.

பிறகு பழுதுப் பேரேடு.
இருபத்து மூன்று வருடத்தில் ஏழு.
நான்கு, இழுவலைப் படகுகள்.
ஒன்று, புயலில் நகர்ந்த நங்கூரம்;
அந்தக் கப்பல்காரன் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய பாலாடைக்கட்டி
இந்த மேசைமேல்தான் பிரிக்கப்பட்டது.
ஒன்று, கடலடிச் சரிவில் உருண்ட பாறை.
கண்ணாடி தானாக ஒருமுறையும் தவறவில்லை.

ஏழாவது:
முதல் வருடம், நவம்பர், பின்னிரவு.
நாற்பத்தொரு நிமிடம்.
காரணம்: தெரியவில்லை.

தெரியும்.
ஆறும் ஒன்பதும் தலைகீழாகத் தெரிந்த தூக்கத்தில்
தவறான அலமாரியைத் திறந்து
தவறான செருகியைப் பிடுங்கியது ஒரு கை.
இருபத்தாறு வயசுக் கை, நகம் கடித்த கை.
நாற்பத்தொரு நிமிடம்
மருத்துவமனை லிஸ்பனைக் கூப்பிட்டபடியே இருந்தது.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று
மறுநாள் கேட்டறிந்தாள்.
யாருக்கும் என்றால்,
அவள் விசாரித்தவரை.

ஓட்டின் மேல் மழை வலுக்கிறது.
எண்ணை எழுதுகிறாள்: பத்து.
தொண்ணூறு சதவீத நம்பிக்கை.
பேரேட்டில் "தெரியவில்லை"யை அடித்துவிட்டு
முதலெழுத்துகளை இடுகிறாள்.
போதாது.
முழுப் பெயர்: லியோனில்டே பெத்தென்கோர்ட்.
மனிதப் பிழை.
திரும்ப நிகழும் வாய்ப்பு என்றொரு கட்டம்.
அதை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு
வெற்றாகவே விடுகிறாள்.

மூலையில் உலை முனகுகிறது.
அதற்குள் இப்போது
இரண்டாயிரத்து நாற்பத்தொன்று.