சேதம் என்று எழுதிய உறை

செப்டம்பர் பதினொன்று, இரவு இரண்டேகால்.
யாரும் இல்லாத அறையின் கதவை
உள்ளேயிருந்து சாத்தியது போல
ஒரு சத்தம் என்றாள் ஹில்ட்ரெட் வீனோ.

கைவிளக்கோடு போயிருக்கிறாள்.
போர்வைக்கடியில், காம்பிலிருந்து பூமுனை வரை,
முன்கை நுழையும் வெடிப்பு.
அதிலிருந்து ஆவி வந்ததாம்.
லஹேவ் ஆற்றங்கரையில் அன்றிரவு நான்கு டிகிரி.

நாளுக்குப் பதினெட்டு கிலோ ஏறிய பரங்கி.
எந்தச் சோற்றிலும் மறைக்க முடியாதது.
நாடா பிடித்து மூன்று பக்கமும் அளந்ததில்
உத்தேசம் அறுநூற்று நாற்பது.
தராசு சொல்லியிருக்க வேண்டும்.
வெடிப்பு உள்ளறையைத் தொட்டால்
தராசில் ஏற்ற மாட்டார்கள்.
தொட்டிருந்தது.

ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட்டாள்.
ஆறுதலுக்கு அல்ல, ரம்பத்துக்கு.

ஜூலை ஒன்பது விடியலில்
என் கொடியின் ஆண்பூ நான்கை
காபிக் குவளையில் நிற்கவைத்து
எண்ணெய் லாரியின் முன்னிருக்கையில் கொண்டுவந்தேன்.
இதழை உரித்துத் தடவியது அவள்.
தேனீ நுழையாமல் பெண்பூவின் வாயை
மீன்வலை நூலால் கட்டியதும் அவள்.
எதற்கு என் பூ என்று அப்போது கேட்கவில்லை,
கேட்டவுடன் கொடுக்கிற ஆள் நான்.

அறுபத்து நான்கு நாள்.
இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால்
விதை நிறைந்திருக்கும்.
ரம்பம் இறங்க இறங்க
மழையில் நனைந்த முலாம்பழ வாசனை.
தோள்வரை கையை விட்டு
நாரோடு அள்ளி அள்ளி வாளியில் போட்டாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
விரலால் அழுத்தினால் பெரும்பாலும் பதர்.
அழுத்தத்துக்கு அடங்காதவை முப்பத்தொன்று.

வாளித் தண்ணீரில் ஒரு மூடி பிளீச்.
பழைய ஜன்னல் வலை. மேசை மின்விசிறி.

"வெடித்ததன் விதையை வைத்தால்
வெடிப்பும் கூடவே வராதா?
விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?"

"வரும்" என்றாள், நிமிராமல்.
"இதற்கு அவ்வளவு பசி, தோல் காத்திருக்கவில்லை.
பசி எனக்கு வேண்டும்.
உன் காய் சுத்தச் சோம்பேறி, டெல்மர்.
ஆறு வருஷத்தில் ஒருமுறையாவது வெடித்ததா?"

இல்லை. ஒருமுறைகூட ஜெயிக்கவும் இல்லை.
பாராட்டா அது என்று
பிரிட்ஜ்வாட்டர் போகும் வழியெல்லாம் யோசித்தேன்.

சதையை அவள் சித்தப்பா மகனின் மாடுகள்
ஐந்து நாள் தின்றன.
அந்தச் சதை முழுக்க அவள் கொடியுடையது.
விதைக்குள் மட்டும்தான் நான்.

அக்டோபரில் என் காய் நானூற்று இரண்டு, ஒன்பதாம் இடம்.
வார் இறுக்கி, மற்றவர் காய்களை ஒவ்வொன்றாகத்
தராசில் ஏற்றிக்கொண்டிருந்தாள் ஹில்ட்ரெட்,
படகுத்துறை வேலைக்கு மாட்டும் அதே கையுறையோடு.
வெற்றி பெற்றதன் விதைக்கு
மேடைக்குக் கீழே வரிசை நின்றது.
அவள் சட்டைப்பையில் ஒரு பழுப்பு உறை:
640 உத்தேசம், வீனோ, சேதம்.
பெருக்கல் குறி. 388 கார்கம்.
உறை ஒன்றில் என் பெயர் வருவது முதல் முறை.
யாரும் கேட்கவில்லை.
ஒருவர் வாங்கிப் பார்த்து,
'சேதம்' வரை படித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஏப்ரலில் எட்டு விதைகளின் ஓரத்தை
நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்து
கதகதப்புப் பெட்டியில் வைத்தாள்.
ஆறாம் நாள் ஒன்றுமில்லை.
எட்டாம் நாளும் இல்லை;
எண்ணெய் தீராத வீட்டில்
டாங்கியைச் சும்மா பார்த்துவிட்டுப் போனேன்.

பத்தாம் நாள் ஒன்றே ஒன்று எழுந்தது,
விதைத்தோலைக் கழற்ற முடியாமல்
இரண்டு இலைகளையும் கவ்வக் கொடுத்து,
கழுத்து வளைந்து.
எச்சில் தொட்ட விரலால்
அதை நனைத்துக்கொண்டே சொன்னாள்:
"உன் பக்கத்துப் பிடிவாதம்."

விதைத்தோல் தாய்வழி.
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
நான் மறுக்கவில்லை.