மெய்யெழுத்து

நேரில் போய்த்தான் அழைத்தேன்.
நத்தக்காடையூர் தாண்டி, எக்ஸெல்லை
வேப்பமரத்தடியில் சாய்த்துவிட்டு,
மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையை
இரண்டு கையாலும் நீட்டினேன்.
அய்யாவு ஈரக் கையைக் கைலியில் துடைத்து வாங்கினான்.
"குடும்பத்தோட வந்தர்றோமுங்."

வேண்டாமென்று சொல்ல
போனே போதுமென்று பட்டது.

பால் காய்ச்சும் நாளில்
முதல் பந்திக்கு யார் யாரென்று
பெரியப்பா விரல் மடக்கிக்கொண்டு வந்தார்.
அந்தப் பெயரில் விரல் மடங்கவில்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாச்சா
என்று பேச்சு மாறியது. அவ்வளவுதான்.

"எடம் பத்தாது போல அய்யாவு,
ஒறம்பரை எச்சா வருது,
இன்னொரு நாளைக்குத் தனியா வா,
கறி எடுத்துப் போடறேன்."
அந்தப் பக்கம் டைல் அறுக்கும் சத்தம்.
அது நின்றது.
"சரி" என்றான்.

நாலு மாதம் என் வீட்டுத் தரையில்
மண்டியிட்டு மட்டம் பார்த்தவன்.
சிமெண்டு தீர்ந்தால் "தீந்துருச்சுங்."
கூலியில் நான் ஐநூறு பிடித்தபோதும்
"பரவால்லைங்."

சரி.
மிச்ச எழுத்து வருமென்று
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.
மறுபடி டைல் அறுபட ஆரம்பித்தது.