மூடுதுண்டு

ஷெய்முஸின் குரலை எனக்குப் பதினோரு மாதமாகத் தெரியும்.
முகம் தெரியாது.

அவன் வடகரைக் கோபுரத்திலிருந்து நீளும் கையில்,
நான் தென்கரையில்.
நடுவே யூப்ரடீஸ். அணைகட்டி நிறுத்திய பிறகு
ஆறு என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.
கடல் என்கிறார்கள்,
உப்பில்லாத கடல்.

"பதினேழாம் வடம், இழுக்கிறோம்" என்பான் வாக்கி-டாக்கியில்.
நானும் என் பதினேழை இழுப்பேன்.
கணக்கெல்லாம் துருக்கியில், வசவெல்லாம் குர்தியில்.
இடையிடையே அவன் மாமியாரின் மூட்டுவலி,
இந்த வருஷம் பிஸ்தாவுக்கு விலையில்லாதது,
என் மகளுக்கு வைக்கச் சொல்லி அவன் தந்த மூன்று பெயர்கள்
(மூன்றும் அவன் வீட்டுக் கழுதைகளுடையவை என்று
பெயர் வைத்த பிறகு சொன்னான்).

எஃகுத் துண்டுகளைச் சுமந்து வந்தது கலஃபின் மிதவைப் படகு.
கரைக்குக் கரை லாரி ஏற்றிப் பிழைப்பவர்.
பாலம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.
"வரட்டும்" என்றார்.
வாடகையை மட்டும் இரண்டு மடங்காக வாங்கினார்,
ஒவ்வொரு நடைக்கும்,
விரலை எச்சில் தொட்டு எண்ணி.

ஆகஸ்டில் மிச்சம் ஒரே ஓர் இடைவெளி.
அதை அளக்க வந்தாள் நெஸ்ரின்.
பகலில் அது சுருங்கியது, இரவில் அகன்றது.
வெயில் குடித்த இரும்பு
எதிர்க்கரையை நோக்கி நாலு விரற்கடை நீண்டு,
இருட்டியதும் பின்வாங்கியது,
கடன் கேட்கப் போய்
வாசலோடு திரும்பியவனைப் போல.

மூன்று இரவு அவள் தூங்கவில்லை.
மணிக்கொரு தரம் சூடு எவ்வளவு, அகலம் எவ்வளவு.
"இதில் எது உண்மையான அளவு?"
"அப்படி ஒன்று கிடையாது.
விடிகாலை நாலரை மணி அளவை
ஒத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்."

நாலரைக்கு மூடுதுண்டு நீரிலிருந்து எழுந்தது,
சொட்டச் சொட்ட, ஒரு வீட்டின் எடையோடு.
அதன் முதுகுக்கு அப்பால் ஒரு தலைவிளக்கு.
நினைத்ததைவிடக் குள்ளம். மீசை இல்லை.
அந்தக் குரலுக்கு நான் ஒரு மீசை வைத்திருந்தேன்.

பொருந்தியது. ஆணிகள் இறங்கின.
சூரியன் வந்து இரும்பைத் தொட்டபோது
இரண்டு கைகளும் ஒன்றையொன்று நெருக்கி
ஒரு முனகல், பிறகு அமைதி.
ஏழெட்டு எட்டுத் தொலைவில் அவன்.
இருவரும் பேசவில்லை.
பதினோரு மாதம் பேசியதெல்லாம்
யாரோ இரண்டு பேர் பேசியது போலிருந்தது.

அவன் கருவியை வாயருகே தூக்கினான்.
என் இடுப்பில் கேட்டது:
"முப்பத்திரண்டாம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறதா?"
"இருக்கு" என்றேன், நானும் அதிலேயே.
எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கீழே கலஃப் படகைத் திருப்பிவிட்டார்.
தார் விழ இன்னும் மூன்று மாதம்.
கரையில் அன்றைய முதல் தக்காளி லாரி
ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது.