சொல்லுக்கு மூன்று ரூபாய்

பள்ளிக்கூடக் கையேட்டுக்கு
அமெரிக்க ஆட்சிமுறைச் சொற்கள், இருநூற்றுப் பதினொன்று.
பம்பலப்பிட்டி, மூன்றாம் மாடி.
மின்விசிறி ஒருபக்கம் இழுத்துக்கொண்டு சுற்றுகிறது.

வீட்டோவுக்குத் தடுப்பதிகாரம் என்று எழுதினேன்.
சரிவந்தது.
பதவி முடியப் போகிறவர் நொண்டி வாத்தாம்:
சிரித்தேன், அப்படியே விட்டுவிட்டேன்.
விடியவிடியப் பேசியே
ஒரு சட்டமூலத்தைச் சாகடிப்பதற்கு
அங்கே ஒற்றைச் சொல் இருக்கிறது.
எனக்கு மூன்று வரி பிடித்தது.
மூன்று வரிக்கும் மூன்று ரூபாய்தான்.

எண்பத்தாறாவது சொல்.
அங்கே ஐம்பது மாநிலங்களும்
பல் துலக்குவதுபோல் தினமும் புழங்குவது.
எங்களிடமும் உண்டு. சமஷ்டி.
அப்பா இதை பஸ்ஸில் சொல்லமாட்டார்.
சோதனைச்சாவடிக் காலத்தில்
வீட்டிலும் ரேடியோவைக் கூட்டிவிட்டுத்தான்.

எதிர்மேசையில் மனோரி,
இதே பட்டியலைச் சிங்களத்தில் செய்கிறவள்,
பேனாவை மூடிவிட்டு இருந்தாள்.
எட்டிப் பார்த்தேன். எண்பத்தாறு.
"நீ என்ன போட்டாய்?"
"இன்னும் இல்லை. நீ?"
மொறட்டுவைப் பக்கம் போகிற ரயில்
கடலோரமாய்க் கடந்து முடியும்வரை
இருவரும் பேசவில்லை.

பிறகு அவள் 'பெடரல்' என்றே
தன் எழுத்தில் இறக்கினாள்.
"பழக்கம்" என்றாள், நான் கேட்காமலே.
நான் சமஷ்டி என்று எழுதி
அழித்து
திரும்ப எழுதினேன். அழுத்திவிட்டேன் போல,
தாளின் மறுபக்கத்தில் தடவினால் தெரிகிறது.

எண்பத்தேழு: பெரும்பான்மை.
அதற்கு அகராதி புரட்ட வேண்டியிருக்கவில்லை,
எங்கள் இருவருக்கும்.